இரண்டாவது சிறந்த அணி எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அணிகள் மாநிலப் போட்டிக்கு எப்படித் தகுதி பெற வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், ‘16 இடத்தை 24 ஆக்குங்கள், 32 ஆக்குங்கள்’ என்பதிலேயே அது போய் நின்றுவிடுகிறது. எத்தனை இடம் என்பது அப்புறம். மண்டல அளவில் யார் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கல் சீட்டிடம் விட்டுவிட்டால், எத்தனை இடம் கொடுத்தாலும் போக வேண்டிய அணி ஒன்று வீட்டில் உட்கார்ந்திருக்கும். பயிற்சி கொடுப்பவர்கள், விசில் பிடிப்பவர்கள், ஆட்ட அட்டவணை போடுபவர்கள் என்று சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எட்டு அணிகள் ஆடும் ஒரு மண்டல நாக்-அவுட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் ஏழு ஆட்டம். சாம்பியனும் ரன்னரும் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். அட்டவணை முழுக்கக் குலுக்கலில் போட்டது. அதிர்ச்சித் தோல்வியே கிடையாது, பலசாலி எப்போதும் ஜெயிப்பான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பலசாலி, யார் யாரோடு மோதுவது என்று காட்டும் கட்டத்தில் ஓர் இடத்தில் அமர்ந்த பிறகு ஏழு இடம் மிச்சம். அதில் நான்கு எதிர்ப்பாதியில், மூன்று அவன் பாதியிலேயே. இரண்டாவது பலசாலிக்கு அந்த மூன்றில் ஒன்று விழுந்தால், இறுதி ஆட்டத்துக்கு முன்பே கதை முடிந்தது. ஏழுக்கு மூன்று, அதாவது ஏறக்குறைய 43 சதவீதம். நடுவர் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆட்டக்காரர்கள் யாருக்கும் காலில் சுளுக்கில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தும் இந்தக் கதி. பதினாறு அணிகள் என்றால் பதினைந்துக்கு ஏழு. அணிகள் கூடக்கூட அது பாதியை நெருங்குமே தவிரக் குறையாது. டென்னிஸ் நாக்-அவுட்டுகளில் உள்ள இதே ஓட்டையை ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர் சார்லஸ் டாட்ஜ்சன் 1883-இலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். கூடைப்பந்து என்ற ஆட்டமே பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு!

குலுக்கலுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. யார் யாருக்குச் சலுகை காட்டினார்கள் என்ற பேச்சே எழாது. அமெரிக்காவில் பள்ளிக் கூடைப்பந்தைக் கோயில் திருவிழா மாதிரிக் கொண்டாடும் இண்டியானா மாநிலத்தில் முதல் கட்டமான செக்‌ஷனல் சுற்றுக்கு நெடுங்காலமாகக் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுக்கும் முறைதான் இருந்தது. அங்கே எல்லாப் பள்ளிகளும் ஆடலாம். பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணிக்கும் செக்‌ஷனலில் இடம் உண்டு. 1954-இல் மிலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை இறுதியில் 32–30 என்று வென்றது இந்தத் திறந்த கதவு வழியாக வந்துதான். அந்தக் கதவை மூடச் சொல்லவில்லை. எல்லோரும் உள்ளே வரட்டும். வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி.

முதல் பரிகாரம் எல்லோருக்கும் தெரிந்த சீடிங்: பலமானவர்கள் சீக்கிரமே மோதிக்கொள்ளாதபடி பல வரிசைப்படி பிரித்து வைப்பது. எட்டு அணிகளில் முதலிடமும் எட்டாமிடமும், நான்கும் ஐந்தும் ஒரு பாதி. இரண்டும் ஏழும், மூன்றும் ஆறும் மறு பாதி. எதை வைத்து வரிசைப்படுத்துவது என்பதில்தான் பல சங்கங்கள் சறுக்குகின்றன. சென்ற ஆண்டு முடிவை வைத்துப் போடுவது பள்ளி விளையாட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. கல்லூரி, கிளப் அணிகளில் ஆட்கள் தங்குவார்கள். பள்ளி அணியில் கடைசி வகுப்பு மாணவர்கள் வெளியேறினால் முதல் ஐவரில் நால்வர் காணாமல் போவது சாதாரணம். பயிற்சியாளர்கள் கூடி வாக்களிக்கும் முறையும் இருக்கிறது. தன் அணியைத் தானே உயர்த்திப் போடக் கூடாது என்று விதி வைத்தாலும், தனக்குப் பிடிக்காத எதிரியைக் கீழே தள்ளிப் போடுவதை எந்த விதியும் தடுக்காது. அந்தப் பருவத்தில் மண்டலத்துக்குள் நடந்த லீக் ஆட்டங்களின் முடிவுதான் சீடிங்குக்குக் குறைந்தபட்ச நேர்மையான அடிப்படை. எட்டு அணிகள் ஒருவரோடொருவர் ஒருமுறை ஆட 28 ஆட்டம் வேண்டும். ஓர் அணிக்கு ஏழே ஏழு. ஒரு பருவத்துக்குள் தாராளமாக அடங்கும்.

பை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் சலுகை, கொடுக்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். பதின்மூன்று அணிகள் வந்தால் பதினாறு கட்டத்தில் மூன்று இடம் காலி. அந்த மூன்று பையும் முதல் மூன்று சீடுகளுக்கே போக வேண்டும். சீடிங் செய்துவிட்டு பையை மட்டும் குலுக்கலில் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது? பத்தாம் இடத்து அணி முதல் நாள் ஓய்வெடுத்துக்கொண்டு, முந்தைய இரவு கூடுதல் நேரம் வரை ஆடிக் களைத்த நான்காம் இடத்து அணியை மறுநாள் சந்திக்கிறது. அதற்கு எதற்கு சீடிங்?

லீக் நடத்த நாளோ மைதானமோ இல்லை, நாக்-அவுட்தான் ஒரே வழி என்ற மண்டலங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அது ஏன் பரவவில்லை என்று தெரியவில்லை; செலவு இரண்டே ஆட்டம்தான். நாக்-அவுட்டில் சாம்பியனைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே ஒரு முறை தோற்றவர்கள். இரண்டாவது சிறந்த அணி, சாம்பியன் ஒருவனிடம் மட்டுமே தோற்றிருக்கும். எட்டு அணி என்றால் சாம்பியன் தோற்கடித்தது மூன்று அணிகளை: காலிறுதியில் ஒன்று, அரையிறுதியில் ஒன்று, இறுதியில் ஒன்று. இரண்டாவது பலசாலி இந்த மூவரில் ஒருவர்தான். அரையிறுதியில் சாம்பியனிடம் தோற்றவரும் காலிறுதியில் தோற்றவரும் ஓர் ஆட்டம் ஆடட்டும். அதில் வென்றவர் ரன்னரோடு ஆடட்டும். மூவரில் எவரும் அதற்கு முன் ஒருவரோடொருவர் ஆடியிருக்க மாட்டார்கள். ஆகவே எதுவும் மறு ஆட்டம் அல்ல. மொத்தம் ஒன்பது ஆட்டத்தில் இரண்டாவது இடம் நியாயமாக முடிவாகிவிடும். இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றும் இரட்டைத் தோல்வி முறையில் இதற்கே 14 அல்லது 15 ஆட்டம் பிடிக்கும். ஒன்றே ஒன்றில் எச்சரிக்கை தேவை. ‘இறுதிவரை வந்துவிட்டோம், இன்னும் ஓர் ஆட்டமா?’ என்று ரன்னர் அணி முறைக்கும். விதியை முன்கூட்டியே எழுதி எல்லாப் பள்ளிகளிடமும் கையெழுத்து வாங்காமல் இதில் இறங்கக் கூடாது.

நான்கு நான்காகப் பிரித்து குரூப் லீக் வைக்கும் இடங்களில் தகராறு எங்கே வெடிக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். மூன்று அணிகள் சமநிலை. நீல அணி சிவப்பு அணியை 10 புள்ளி வித்தியாசத்தில் வென்றது, சிவப்பு பச்சையை 6 புள்ளியில் வென்றது, பச்சை நீலத்தை 3 புள்ளியில் வென்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவருக்குள் நடந்த ஆட்டங்களின் வித்தியாசம் பார்த்தால் நீலம் +7, பச்சை −3, சிவப்பு −4. நீலம் முதலிடம், அதில் சண்டை இல்லை. இரண்டாவது யார்? வித்தியாசத்தை வைத்தே மூவரையும் அடுக்கினால் பச்சை. ‘முதலிடம் தீர்ந்துவிட்டது, மிச்சம் இருவருக்குள் நேரடி ஆட்டத்தைப் பாருங்கள்’ என்றால் சிவப்பு. பச்சையை அது வென்றிருக்கிறதே. இரண்டு வாசிப்புக்கும் ஆள் இருக்கிறார்கள், இரண்டும் இரண்டு வெவ்வேறு அணிகளை மாநிலத்துக்கு அனுப்பும். விதிப் புத்தகத்தில் ‘சமநிலையில் புள்ளி வித்தியாசம் பார்க்கப்படும்’ என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போனால் இரவு பதினொரு மணிக்கு ஸ்கோர் மேசையைச் சுற்றி இரண்டு பள்ளியின் பெற்றோரும் நிற்பார்கள். மூவர் சமநிலைக்கு எண்களோடு ஓர் உதாரணம் போட்டு விளக்கி அச்சடித்துக் கொடுப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

வித்தியாசம் எண்ணப்படும் எந்த லீக்கிலும் கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் இரண்டு மைதானங்களில் நடத்த வேண்டும். இல்லாவிட்டால், பின்னால் ஆடும் அணிக்கு ‘ஏழு புள்ளியில் தோற்றால்கூடப் போதும்’ என்ற கணக்கு கையில் இருந்தால் அது ஆட்டமாக இருக்காது. வரமாட்டேன் என்று ஓர் அணி நின்றுவிட்டாலும் இதே சிக்கல். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா விதியில் வாக்-ஓவர், அதாவது எதிரணி வராமலே கிடைக்கும் வெற்றி, 20–0. அமெரிக்கப் பள்ளி விதியில் 2–0. 20–0 ஒரு குரூப்பின் வித்தியாசக் கணக்கையே புரட்டிப் போடும். 2–0 கொடுத்தாலோ, அந்த அணியை ஏற்கெனவே 30 புள்ளியில் அடித்தவருக்குக் கிடைத்த லாபம் மற்றவருக்குக் கிடைக்காது. பாதியில் விலகிய அணியின் எல்லா ஆட்டங்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதே சுத்தமான வழி.

அடுத்து மண்டல ஒதுக்கீடு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் இன்றும் பள்ளியின் அளவைப் பார்த்துப் பிரிக்காமல் ஒரே சாம்பியன் பட்டத்துக்கு எல்லோரையும் ஆட வைக்கிறது. 64 மாவட்டங்கள், 16 மண்டலங்கள். மாவட்டத்தின் முதல் இருவர் மண்டலத்துக்கு; நான்கு மாவட்டத்தின் எட்டு அணிகள் மோதி, மண்டல சாம்பியன் ஒருவர் மட்டும் மாநிலத்துக்கு. பார்க்க அழகான அமைப்பு. ஒவ்வொரு மண்டலத்துக்கும் மாநிலப் போட்டியில் தன் ஆள் இருப்பான், ஊரே கிளம்பிப் போகும். ஆனால் ஒரு மண்டலத்தில் மாநிலத்தின் முதல் ஐந்து அணிகளில் மூன்று குவிந்துவிட்டால் இரண்டு அணிகள் அங்கேயே புதைந்துபோகும். டெக்சாஸ் மறுபக்கம் போகிறது: மாவட்டத்துக்கு நான்கு அணிகள் பிளே-ஆஃபுக்கு, அதாவது லீக்குக்குப் பிந்தைய நாக்-அவுட்டுக்கு. ஏழு எட்டு அணிகள் மட்டும் உள்ள மாவட்டத்தில் பாதிப்பேர் உள்ளே வந்துவிடுவார்கள். மாவட்ட லீக்கில் நடுவிலிருக்கும் ஆட்டங்களுக்கு உயிர் இருக்காது. நான்காவது இடத்துக்கான ஆட்டம் மட்டும் தீப்பறக்கும், அது வேறு விஷயம்.

மண்டலங்கள் சம அளவில் இருப்பதும் அபூர்வம். 240 அணிகள் உள்ள ஒரு மாநிலத்தில் எட்டு மண்டலங்கள் 48, 40, 36, 32, 28, 24, 20, 12 என்று இருந்தால், மண்டலத்துக்கு இரண்டு இடம் என்பது பெரிய மண்டலத்தில் 24 அணிக்கு ஓர் இடம், சின்ன மண்டலத்தில் 6 அணிக்கு ஓர் இடம். எல்லைக் கோட்டை மாற்றி வரையலாம் என்பார்கள். அப்படி வரைந்தால் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஒரு வார நாள் ஆட்டம்; மறுநாள் முதல் வகுப்பில் பாதி அணி தூங்கும்.

இந்த இடத்தில்தான் ‘மண்டலத்தையே தூக்கிவிட்டு, ரேட்டிங் கணக்கில் முதல் 16 அணிகளை எடுங்கள்’ என்ற குரல் வருகிறது. ரேட்டிங் என்றால் பெரும்பாலோர் சொல்வது ஆர்.பி.ஐ. (ரேட்டிங் பெர்சென்டேஜ் இண்டெக்ஸ்). அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 1981 முதல் 2018 வரை இருந்த சூத்திரம் அது. பல மாநிலப் பள்ளிச் சங்கங்கள் அதையும் அதன் உறவுகளையும் எடுத்துக்கொண்டன. அணியின் வெற்றி விகிதம் 25 சதவீதம், எதிரணிகளின் வெற்றி விகிதம் 50 சதவீதம், எதிரணிகளின் எதிரணிகளின் விகிதம் 25 சதவீதம். 18 வெற்றி 4 தோல்வி என்ற அணி (0.818), 0.450 எதிரணிகளோடும் 0.500 இரண்டாம் வட்டத்தோடும் (எதிரணிகளின் எதிரணிகள்) ஆடியிருந்தால் 0.5545 பெறும். 14 வெற்றி 8 தோல்வி அணி (0.636), 0.600 எதிரணிகளோடும் 0.530 இரண்டாம் வட்டத்தோடும் ஆடியிருந்தால் 0.5915. கடினமான ஆட்டங்களைத் தேடிப் போனவனுக்கு மதிப்பு. வெறும் வெற்றி எண்ணிக்கையைவிட இது மேல்தான்.

கோளாறு எங்கே என்றால், ஜெயித்தும் கீழே இறங்கலாம். அதே 14–8 அணி, 20-இல் இரண்டு ஆட்டம் மட்டும் வென்ற பக்கத்துப் பள்ளியோடு ஆடி ஜெயிக்கிறது. சொந்த விகிதம் 0.652 ஆகிறது, லாபம் 0.004. எதிரணி விகிதம் 0.600-லிருந்து 0.578-க்கு இறங்குகிறது, நட்டம் 0.011. கூட்டிக் கழித்ததில் 0.007 போய்விட்டது. இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளருக்கு ஒரு பருவம் போதும். அடுத்த ஆண்டு அட்டவணையிலிருந்து பக்கத்துச் சின்னப் பள்ளி காணாமல் போகும். தலைமுறை தலைமுறையாக நடந்த உள்ளூர்ப் போட்டி ஒரு சூத்திரத்துக்காகச் சாவது நல்லதல்ல. ‘ஜெயித்ததால் மதிப்பு குறையும் ஆட்டம் கணக்கில் சேராது’ என்று ஒரு வரி சேர்த்தால் பாதி தீரும். புள்ளி வித்தியாசத்தை எண்ணும் சூத்திரம் என்றால் 15-க்கு மேல் எண்ணாதீர்கள். உச்சவரம்பு இல்லாவிட்டால் 40 புள்ளி முன்னிலையிலும் கடைசி நிமிடம் வரை முழு மைதான பிரஸ் போட்டு, எதிரணியை அவர்கள் பாதியிலேயே நெருக்குவார்கள். பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆட வாய்ப்பே வராது.

இன்னொன்று, ரேட்டிங்குக்கு மண்டலங்களுக்கு இடையே ஆட்டங்கள் வேண்டும். ஒரு மண்டலத்து அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் ஒருவர் வெற்றி மற்றவர் தோல்வி. எல்லாம் கூட்டினால் பாதிக்குப் பாதிதான். அந்த மண்டலம் மொத்தமாகப் பலமா பலவீனமா என்பது எந்தச் சூத்திரத்துக்கும் தெரியாது. ஓர் அணி குறைந்தது நான்கு ஆட்டமாவது வெளி மண்டலத்தோடு ஆடியிருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. அதற்குக் கீழே போனால் மூன்றாவது தசம இடத்தில் தகுதி நிர்ணயிப்பது ஜோசியம்.

ஆகவே எங்கள் யோசனை இது. 16 இடம் என்றால் எட்டு மண்டல சாம்பியன்களுக்கு எட்டு இடம், யாரும் தொட முடியாது. மிச்ச எட்டு இடத்துக்கு 16 அணிகள் ஒரே ஒரு குறுக்குச் சுற்று ஆடட்டும்: எட்டு மண்டல ரன்னர்கள், அவர்களோடு மாநில ரேட்டிங்கில் அடுத்து வரும் எட்டு அணிகள். ரேட்டிங்கில் மேலே உள்ள எட்டு அணிகளுக்குக் கீழே உள்ள எட்டு எதிரணிகள். ஒரே மண்டலத்தார் மோத நேர்ந்தால் அடுத்த ஆளோடு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். எட்டு ஆட்டம், நான்கு பொது மைதானம், மைதானத்துக்கு இரண்டு ஆட்டம், ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். 48 அணி மண்டலத்தில் மூன்றாவதாக வந்தவனுக்கும் வழி இருக்கிறது, 12 அணி மண்டலத்தின் ரன்னர் தன் தகுதியை வெளியாள் முன் காட்டியும் ஆக வேண்டும். ரேட்டிங் கணக்கு யாரையும் நேரே மாநிலத்துக்குள் விடாது, யாரையும் நேரே வெளியே தள்ளவும் செய்யாது. மாநிலப் போட்டியின் கட்டத்தில் முதல் நான்கு சீடுகளைக் காலிறுதிக்கு ஒருவராகப் பிரித்து வைத்துவிட்டு மற்றவர்களைக் குலுக்கிப் போடலாம். குலுக்கலில் ஆசை உள்ளவர்களுக்கும் ஏதாவது மிச்சம் வேண்டுமே. ஒரே மண்டலத்து இரண்டு அணிகள் எதிரெதிர்ப் பாதியில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிவு பிரிப்பது தனிக் கடிதத்துக்குரிய விஷயம். இண்டியானா 1997-98 பருவத்தில் ஒரே பட்டத்தைக் கைவிட்டு நான்கு பிரிவுகளுக்குப் போனது; அந்த வருத்தம் அங்கே இன்னும் தீரவில்லை. இல்லினாயில், எல்லை வரையறை இல்லாமல் எங்கிருந்தும் மாணவர் சேர்க்கும் பள்ளிகளின் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கிப் பிரிவு தீர்மானிக்கும் விதி கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியா 2013-இல் மாநில அளவில் ஓப்பன் டிவிஷன் ஒன்றைத் தொடங்கி, அளவைப் பார்க்காமல் மிகப் பலமான அணிகளை அதில் தனியே ஆட விட்டது. பிரிவு எப்படிப் பிரித்தாலும் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மேலே சொன்ன குலுக்கல் பிரச்சினை அப்படியே இருக்கும்.

நடத்துபவர்களுக்குச் சில நடைமுறை வேண்டுகோள்கள். ரேட்டிங்குக்கு ஆட்ட முடிவுகள் 24 மணி நேரத்துக்குள் பதிவாக வேண்டும். ஒரு பள்ளி பதிய, எதிர்ப்பள்ளி உறுதி செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் பதியும் இடங்களில் தோல்விகள் மறந்துபோகும். கணக்கு மூடும் தேதி குறுக்குச் சுற்றுக்கு ஒரு வாரம் முன்பாவது இருக்கட்டும். முதல் நாள் இரவு வரை கணக்கு ஓடினால், பலவீனமான எதிரணி தேடிக் கடைசி நேர ஆட்டங்கள் முளைக்கும். வயது, சேர்க்கைச் சான்றுகளை மாவட்டச் சுற்றிலேயே பார்த்து முடியுங்கள். மாநிலத்தில் போய்ப் பார்த்து ஓர் அணியை நீக்கினால், அது மண்டலத்தில் தோற்கடித்த ஐந்து அணிகளுக்கு யார் பதில் சொல்வது? ஒரு நாளில் ஓர் அணிக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அரையிறுதி இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் வைத்துவிட்டு இரவில் இறுதி ஆட்டம் என்றால், ஸ்கோர் ஷீட்டில் நான்காவது குவார்ட்டரைப் பார்த்தாலே மாலையில் ஆடியது எந்த அணி என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள், நடுவர்கள் சிலர்